ஜவ்வு விலகிய முதுகுக்கு யோகா செய்யலாமா?

கேள்வி: பவானிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 46. வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டு, நைட்டி தைத்து ஈரோட்டுச் சந்தைக்குக் கொடுக்கிறோம். ஆறு வருடமாக இடுப்பு வலி. நாலு வருடத்துக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல் 4 – எல் 5 ஜவ்வு விலகியிருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் வேண்டாம், குனியாதே, கனம் தூக்காதே, பெல்ட் போட்டுக்கொள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தரையில் உட்காருவதைக்கூட விட்டுவிட்டேன். ராத்திரிக்கு ப்ரீகாபலின் என்று ஒரு நரம்பு மாத்திரை. பிரஷருக்கும் மாத்திரை உண்டு. வலி தாங்காத நாளில் மெடிக்கலில் சொல்லி வலி மாத்திரை வாங்கிப் போடுவேன். வாரத்தில் நாலைந்து நாள் ஆகிவிடுகிறது. யோகா தினத்தை ஒட்டி ஊரில் இலவச வகுப்பு நடந்தது, போனேன். மூன்றாம் நாள் காலை நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடிக்கச் சொன்னார்கள். எட்டவில்லை. சொல்லிக்கொடுத்தவர் முதுகில் கை வைத்து அமுக்கினார். அன்று ராத்திரி இடது கால் கெண்டைச்சதை வரை இழுத்துக்கொண்டது, பத்து நாள் படுக்கை. இப்போது என் மகன் போனில் வீடியோ காட்டி, “மாத்திரையை நிறுத்திட்டு இதைச் செய்யும்மா, 21 நாள்ல சரியாயிடும்” என்கிறான். மாமியாரோ, “நாங்க பத்துப் பேருக்கு மாவாட்டுனோம், எங்களுக்கு வராத வலியா” என்கிறார். யோகா எனக்கு ஒத்துவருமா? ஜவ்வு உள்ளே போய்விடுமா? மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதை நீங்கள் படிப்பதற்குள் மகன் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருப்பீர்களோ என்று எனக்குப் பயம். ப்ரீகாபலினைப் பட்டென்று நிறுத்தாதீர்கள். திடீரென விட்டால் தூக்கம் கெடும், வியர்க்கும், படபடப்பு வரும், குமட்டும். “பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் முடியாது” என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய், குறைக்க ஆசைப்படுகிறேன் என்று சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரை வேறு கதை. நீங்கள் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வாரத்தில் நாலைந்து நாள் இந்த மாத்திரையும் சேர்ந்தால் பிரஷர் ஏறும், பிரஷர் மாத்திரையின் வேலை குறையும், வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் அடி வாங்கும். எத்தனை மாத்திரை போடுகிறீர்கள் என்பதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நரம்பு மாத்திரையை டாக்டரிடம் எழுதி வாங்குகிறவர்கள், ஆபத்துள்ள வலி மாத்திரையை மளிகைச் சாமான் போல வாங்கிப் போடுவதை நான் தினம் பார்க்கிறேன்.

அப்புறம், கால்வரை இழுத்தது என்று எழுதியிருப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். பாதம் தொய்ந்து செருப்பு தானாகக் கழன்றாலோ, சிறுநீரோ மலமோ வருவது தெரியாமல் போனாலோ, வரவே சிரமப்பட்டாலோ, பிறப்புறுப்பு, ஆசனவாய் சுற்றி மரத்துப்போனாலோ யோகாவும் வேண்டாம், என் கடிதமும் வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. வலியோடு காய்ச்சல் இருந்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். இதெல்லாம் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

இப்போது ஜவ்வுக்கு, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குக்கு வருகிறேன். எந்த ஆசனமும் ஜவ்வைப் பிடித்து உள்ளே தள்ளுவதில்லை. பிதுங்கிய ஜவ்வு பலருக்குக் காலப்போக்கில் தானாகவே சுருங்குவது உண்டு. சுருங்காமல் அப்படியே இருந்தும் வலி போய்விடுவதும் உண்டு. 2015ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், முதுகு வலியே இல்லாத 3,110 பேருடைய ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜவ்வு பிதுங்கித்தான் இருந்தது. 50 வயதில் பத்துக்கு ஆறு பேர். அவர்கள் யாருக்கும் வலி இல்லை. தலை நரைக்கிற வயதில் உள்ளே ஜவ்வும் வற்றத்தான் செய்யும். உங்கள் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது பொய்யில்லை. ஆனால் ஆறு வருட வலிக்கும் அந்த ஒரு வரி மட்டுமே காரணம் என்று நம்பி, நாலு வருடமாகக் குனியாமல் இருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

திருட்டுப் போன வீட்டு நாயைப் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் நிஜமாகவே திருடன் வந்தான், நாய் குரைத்தது, சரி. அதற்கப்புறம் பால்காரர் வந்தாலும் குரைக்கும், பக்கத்து வீட்டுப் பையன் பந்தெடுக்க வந்தாலும் குரைக்கும், காற்றில் கதவு ஆடினாலும் குரைக்கும். மூன்று மாதத்தைத் தாண்டிய வலியில் பெரும்பகுதி இப்படித்தான். நரம்பும் மூளையும் உஷாராகி, சாதாரண அசைவுக்கும் ஊரைக் கூட்டுகின்றன. குரைப்பு நிஜம், காது கிழிகிறது. ஆனால் ஒவ்வொரு குரைப்புக்கும் வாசலில் திருடன் நிற்கவில்லை. குனிவதையும் தரையில் உட்காருவதையும் நீங்கள் விட்டது, நாய்க்குப் பயந்து கதவையே திறக்காமல் இருப்பது மாதிரி. அதற்கு ஆள் பழக வழியே இல்லாமல் போய்விட்டது. யோகாவால் முடிகிற வேலை, மெதுவாகக் கதவைத் திறந்து, நாயைப் பழக்குவது.

அது உங்கள் ஊர் வகுப்பில் ஏன் நடக்கவில்லை? அன்று செய்தது பச்சிமோத்தாசனம். காலை நீட்டி உட்கார்ந்தாலே தொடையின் பின்தசை இடுப்பெலும்பைப் பின்னால் இழுக்கும். வருடக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து மெஷின் மிதிக்கிறவருக்கு அந்தத் தசை குறுகிப்போயிருக்கும். அதனால் குனிவு தொடையிலிருந்து வராமல் மொத்தமாக இடுப்பு முதுகில் வந்து விழுகிறது. ஏற்கெனவே பிதுங்கிய ஜவ்வுக்கு மிகச் சிரமமான நிலை அது; காலுக்குப் போகும் நரம்பும் அதே நேரத்தில் இழுபடுகிறது. அதன்மேல் ஒருவர் கை வைத்து அமுக்கினால்? இடுப்பு வலி உள்ளவரின் முதுகில் யாரும் கை வைத்து அமுக்கக் கூடாது, எந்த வகுப்பானாலும் சரி. அடுத்த முறை யாராவது கை வைத்தால், “தொடாதீங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. நான் பிசியோதெரபிஸ்ட், யோகா பிற்பாடு படித்தது. படித்த புதிதில், முதுகு வலிக்குப் புஜங்காசனம் (குப்புறப் படுத்து, பாம்பு படமெடுப்பதுபோல் நெஞ்சை நிமிர்த்துவது) என்று பாடத்தில் இருந்ததை அப்படியே ஒரு டீச்சரம்மாவுக்குச் செய்யச் சொன்னேன். அவருக்கு முதுகெலும்புக்குள் நரம்பு போகும் கால்வாய் குறுகியிருந்தது. பின்னால் வளைந்தால்தான் வலிக்கும் வகை. மூன்றாம் நாள் வந்து, “டாக்டரம்மா, உங்க பாம்பு என்னைக் கடிச்சிடுச்சு” என்றார். உங்களைக் குனிவு படுத்தியது, அவரை நிமிர்வு படுத்தியது. ‘முதுகு வலிக்கான ஐந்து ஆசனங்கள்’ என்கிற வீடியோக்களை நான் நம்பாததற்குக் காரணம் அந்த டீச்சரம்மாதான்.

பலன் எவ்வளவு என்று கேட்டால், 21 நாள் கணக்கெல்லாம் எங்கும் இல்லை. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்தது. அதே வருடம் பாஸ்டனில் 320 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலும் வருமானம் குறைந்தவர்கள். ஒரு பிரிவினர் 12 வாரம், வாரம் ஒரு யோகா வகுப்பும் வீட்டில் பயிற்சியும் செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்குப் பிசியோதெரபி. இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். என் தொழிலுக்கு இதில் பெருமையும் இல்லை, இழுக்கும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பாய்வு இன்னும் கறாராகச் சொல்கிறது: சும்மா இருப்பதைவிட யோகா கொஞ்சம் நல்லது, மற்ற உடற்பயிற்சிகளைவிட உசத்தி என்று சொல்ல முடியாது, சிலருக்கு வலி கூடவும் செய்கிறது. ஆக, மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் வலி ஓரளவு இறங்கும், நடமாட்டம் கூடும் என்று எதிர்பார்க்கலாம். முழுசாகப் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

சரி, என்ன செய்வது?

நேரத்திலிருந்து ஆரம்பிப்போம். விடிகாலையில் செய்வதுதான் யோகா என்பார்கள். உங்களுக்கு வேண்டாம். ராத்திரி முழுக்கப் படுத்திருப்பதால் ஜவ்வு நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதற்கு ஆகாத நேரம். கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் அப்போதுதான் நடக்கிறது என்பது வேறு விஷயம். முடிந்தால் குடத்தை மகனிடம் விடுங்கள், வீடியோ பார்க்கும் நேரத்தில் தூக்கட்டும். பதினோரு மணிவாக்கில், காலைச் சாப்பாடு செரித்தபின், மெஷினை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

உங்கள் ஊரில் ஜமுக்காளத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்றை நாலாக மடித்துத் தரையில் போடுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி. நாலு வருடமாகத் தரைக்கே போகாதவர் என்பதால் இறங்குவதே முதல் பயிற்சி: நாற்காலியைப் பிடித்து ஒரு முட்டி, அப்புறம் இன்னொரு முட்டி, கையூன்றிப் பக்கவாட்டில் சாய்ந்து, புரண்டு மல்லாருங்கள். எழும்போது அதையே தலைகீழாக. முதல் வாரம் பயமாக இருந்தால் கட்டிலிலேயே செய்யுங்கள், தப்பில்லை.

மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்காலையும் நாற்காலியின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு ஒரு மடித்த துண்டு. கை வயிற்றின் மேல். மூன்று எண்ணி மூச்சை இழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள். பிரஷர் இருப்பதால் மூச்சை அடக்க வேண்டாம். ஐந்து நிமிடம் இப்படியே. ஒன்றுமே செய்யவில்லையே என்று தோன்றும். விடும் மூச்சு நீளும்போது படபடப்பு தணியும். இறுகிக் கிடக்கிற இடுப்புத் தசையும் மெல்ல விடும். ஒரு பயிற்சிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது, காலை இறக்கி, முட்டியை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். இப்போது இடுப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு கை நுழைகிற சந்து இருக்கும். கையை அங்கே விட்டுப் பாருங்கள். மூச்சை விடும்போது தொப்புள் மெல்ல உள்ளே போக, அந்தச் சந்து மூடி, இடுப்பு வந்து கையைத் தொடும். இழுக்கும்போது மறுபடி திறக்கும். கையை நசுக்கக் கூடாது. துணியைக் கத்தரிக்கும் முன் சுருக்கம் போகத் தடவிவிடுவீர்களே, அந்த அளவு அழுத்தம். எட்டு முறை. முதல் நாள் பலருக்கு அசையவே அசையாது, பிருஷ்டம்தான் தூக்கும். இரண்டு வாரம் விடாமல் செய்தால், இத்தனை வருடம் பலகை மாதிரி இருந்த இடத்தில் ஓர் அசைவு இருப்பது கைக்குத் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு காலாக, தொடையைப் பின்பக்கம் பிடித்து நெஞ்சை நோக்கி, வருகிற வரைக்கும் மட்டும். இடது பக்கம் கெண்டைச்சதையில் இழுத்தால் அன்றைக்கு அதை விட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மார்ஜரி ஆசனம்: கை, முட்டி ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல் முதுகை மெல்ல ஏற்றி இறக்குவது. ஒரு மாதம் கழித்து, படுத்தபடி இடுப்பை ஒரு சாண் மட்டும் தூக்கும் சேதுபந்தாசனம். அவ்வளவுதான். கட்டைவிரல் பிடிப்பது, இரண்டு காலையும் சேர்த்து நேராகத் தூக்குவது, சர்வாங்காசனம், ஹலாசனம், சிரசாசனம், வீடியோவில் வருகிற வேகமான சூரிய நமஸ்காரம் எதுவும் இந்த மூன்று மாதத்தில் உங்களுக்குக் கிடையாது. ஆசனம் என்றாலே நிலையாகவும் சுகமாகவும் இருப்பது என்றுதான் பழைய இலக்கணம். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது அதில் சேராது.

வலித்தால் நிறுத்துவதா, தொடர்வதா? எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். தொடங்கும்போது நாலு என்றால், செய்யும்போது ஐந்து, ஆறு வரை போகலாம். மறுநாள் காலைக்குள் பழைய நாலுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லையென்றால் அன்று எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மூச்சுப் பயிற்சியை மட்டும் விடாதீர்கள். வலி எவ்வளவு என்பதோடு எங்கே என்றும் கவனியுங்கள். கெண்டைச்சதையில் இருந்த வலி தொடைக்கு ஏறி, பிறகு இடுப்புக்கே வந்தால், இடுப்பில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் நல்ல சகுனம். இடுப்பில் இருந்தது காலுக்கு இறங்கினால், அந்த அசைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, நல்ல நாளில்தான் ஜாக்கிரதை தேவை. வலி இல்லாத நாளில், விட்டுப்போன ஆர்டரையெல்லாம் ஒரே மூச்சில் தைத்து, ஒட்டடையும் அடித்து, மறுநாளிலிருந்து மூன்று நாள் படுப்பது. இந்தச் சுழற்சி உங்கள் வீட்டில் நடக்கிறதா இல்லையா? நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நைட்டி முடியும் என்று தோன்றும் நாளிலும் பதினாலோடு எழுந்துவிடுங்கள். தீபாவளி ஆர்டர் வரும்போது இது நடக்கிற காரியமில்லை என்று எனக்கும் தெரியும். அப்போதும் பாபின் மாற்றும்போதெல்லாம் எழுந்து நில்லுங்கள். அரை மணிக்கு ஒருமுறை, துணி வெட்டும் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, இரண்டடி பின்னால் போய், முதுகு நீளும்படி ஐந்து மூச்சு நின்றுவிட்டு உட்காருங்கள். அதுவும் ஆசனம்தான், ஜமுக்காளம் தேவையில்லை. பெல்ட்டை எந்நேரமும் போட்டிருக்காதீர்கள். கனமான வேலை இருக்கும்போது ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றுங்கள்.

மாமியார் விஷயம். அவரும் வலியோடுதான் மாவாட்டியிருப்பார், சொல்ல ஆள் இருந்திருக்காது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தவர் தண்ணீருக்கு நடப்பார், நெல் புடைப்பார், குனிவார், நிமிர்வார். நீங்கள் மணிக்கணக்கில் ஒரே கோணத்தில் மெஷினைப் பார்த்து உட்காருகிறீர்கள். வலி கற்பனையில்லை என்று நிரூபிக்கச் சொல்லி உங்களைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. அவரையும் பதினோரு மணிக்குப் பக்கத்தில் படுக்கச் சொல்லிப் பாருங்களேன். நாற்காலியில் கால் வைத்துப் படுப்பது அந்த வயசுக்கும் சுகமாகத்தான் இருக்கும்.

நேரில் ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொடுப்பது வீடியோவைவிட நல்லது. பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஐந்தரை வருடம் படித்த டாக்டர்கள் அங்கே இருக்கிறார்கள், பணம் கட்ட வேண்டியதில்லை. பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் உங்கள் ஊருக்கும் வருகிறதா? 2021ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. மாத்திரை கொண்டுவருகிறவரிடமே விசாரியுங்கள். யாரிடம் போனாலும் முதல் வார்த்தையாக, “குனிந்தால் வலி இடது காலுக்கு இறங்கும்” என்று சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு எல்லோருக்கும் சொல்லும் அதே ஆசனத்தைச் சொன்னால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். வலிக்கு எத்தனை மார்க் என்பது இரண்டாம் பட்சம். எத்தனை நிமிடம் எழாமல் தைக்க முடிகிறது, வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை, பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்களா, இந்த மூன்றை எழுதினால் போதும்.